வெயிலில் நிற்காத நிறம்

வெளியூர்க்காரர்களை வேலங்காட்டுப்பாளையத்தில் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் வெள்ளையில் இருப்பார்கள். அன்றைக்குப் பதினொரு மணி பஸ்ஸில் வந்தவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். இளநீர்க் கடை நிழலில் நின்றிருந்த கோகிலவாணி முதலில் அந்த நீலத்தைத்தான் பார்த்தாள். இந்த ஊர் வெயிலில் அது மூன்று நாள் தாங்கும். அலைச்சல் இருந்தால் இரண்டு நாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

"ஜெபசீலன் சாருங்களா?"

"நெனவு வச்சிருக்கியளே, கோகிலாம்மா." திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. தலைதான் முழுக்க நரைத்திருந்தது.

"பதினேழு வருசம் ஆச்சுங்க. சாப்பிட்டீங்களா?"

"அது இருக்கட்டும். உங்களைப் பாக்கத்தான் வந்தேன். வெளுப்புக்கு ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்கோம்."

கோகிலவாணி இளநீர்க்காரரிடம் இன்னொரு காய் வெட்டச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் அந்த ஊரின் பிழைப்பே நிறத்தில்தான் இருந்தது. ஆற்றோரமாக நாற்பத்திரண்டு சாயப்பட்டறைகள். பனியன் துணியைச் சாயத்தில் முக்கி எடுத்து அனுப்புவார்கள். எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் யாரோ அதைப் போட்டுக்கொள்வார்கள். கோகிலவாணி ஒரு பட்டறையின் லேபில் ஷேடு பார்க்கிற வேலையில் இருந்தாள். துணி வாங்குகிற கம்பெனி கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு அனுப்பும். அந்த நிறம் வர எந்தச் சாயத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்று யோசித்து, சின்னக் குடுவையில் போட்டு எடுத்து, இரண்டு துணியையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கருவியும் உண்டு. ஒரு தடவை கருவி சரி என்றது, இவள் அரை ஷேடு குறைவு என்றாள். முதலாளி கருவியை நம்பி லோடு ஏற்றினார். முழு லோடும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூடச் சந்தேகம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். நாலாயிரம் ஷேடாவது அவள் கண்ணில் இருந்தது.

பட்டறைக் கழிவு முழுக்க நொய்யலில்தான் விழுந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும், ஆனால் கோகிலவாணிக்கு அந்த ஆறு பிடிக்கும். ஜூலை மாதம் ஆறு சிவப்பும் பச்சையுமாக ஓடினால், வெளிநாட்டில் கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜனவரியில் இளம் ரோஜா. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்தால் பதினைந்து நாளைக்குக் கருநீலம். இரண்டு பட்டறைகள் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், பாலத்துக்குக் கீழே இரண்டு நிறமும் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாகப் போகும். வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்ப்பாள். அவள் கலந்த நிறமே அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஆறுதான் அவள் கணவன் தண்டபாணியைக் கொண்டுபோனது. பாய்லரில் வேலை செய்தவன். கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் வந்தபோதும் அதைத்தான் குடித்தார்கள். வயிற்றில் கட்டி என்று தெரிந்து ஏழே மாதம். முப்பத்தெட்டு வயதில் போய்விட்டான். அப்போது கோகிலவாணிக்கு முப்பத்து நான்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தண்டபாணியின் அக்கா ருக்குமணி ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். கணவனின் அக்காவை அந்தப் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவார்கள். கணவனை இழந்தவள் வெள்ளை கட்டுகிற வழக்கம் ஊரில் பல வீடுகளில் போய்விட்டிருந்தது. இவர்கள் வீட்டில் போகவில்லை. கட்டு என்று யாரும் சொல்லவில்லை, மடியில் வைத்தார்கள், அவ்வளவுதான். பீரோவில் இருந்த மற்ற சேலைகளை நங்கை எடுத்துக்கொண்டுபோனாள். பத்து நாள் கழித்துக் கோகிலவாணி வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நாலாயிரம் நிறத்தையும் பார்த்துவிட்டு, வெள்ளையில் வீட்டுக்கு வந்தாள்.

ஆறு வருடம் கழித்து ஜெபசீலன் கறுப்புப் பாய்களோடு வந்து சேர்ந்தார். ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேதியியல்காரர். லாரி லாரியாக வந்து இறங்கிய அந்தப் பாய்கள் கட்டில் அகலத்தில், கரியை அரைத்துப் பூசியதுபோல இருந்தன. வாய்க்கால்களிலும் ஆற்றிலும் அதை விரித்துக் கட்டினார்கள். சாயம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு கண் தேவைப்பட்டது. முதலாளி கோகிலவாணியை அனுப்பினார்.

"இதுல என்ன இருக்குதுங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ரெண்டு சாமான். ஒண்ணு குறைக்கடத்தி. வெயில் பட்டா அதுக்குள்ள இருக்க எலக்ட்ரான் துள்ளி வெளிய வரும். வந்த வேகத்துல திரும்ப உள்ள போயிரும், ஒரு பிரயோசனமும் இல்ல. இன்னொண்ணு கிராஃபீன். பென்சில் கரியில ஒரே ஒரு அடுக்கை உரிச்சு எடுத்தா அதுதான். துள்ளி வந்த எலக்ட்ரானை அது திரும்ப விடாது, இழுத்துக்கிட்டு ஓடிரும். அந்த ஓட்டத்துல தண்ணிக்குள்ள ஒரு மூர்க்கமான சாமான் உண்டாகும். சாயம் பக்கத்துல வந்தா பிச்சுப் போட்டுரும்."

"பிச்சா என்ன ஆகுதுங்க?"

"தண்ணி ஆகும், காத்து ஆகும். வெயில் இருந்தாப் போதும். கரண்டு வேண்டாம், மருந்து வேண்டாம்."

இரண்டு வருடம் தினமும் காலையில் இருவரும் ஆற்றில் எட்டு இடத்தில் தண்ணீர் மொண்டார்கள். அவர் கருவியில் பார்ப்பார். அவள் கண்ணாடிக் குப்பியைச் சூரியனுக்கு நேரே பிடித்து, "நேத்தைக்கு மூணு ஷேடு கம்மிங்க" என்பாள். கருவியும் அதையே சொல்லும். பாலத்தடியில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள். அவர் அவளுடைய சேலையைப் பற்றி ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்காதது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் மட்டும், குப்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தபடி, "இந்தக் கண்ணுக்குச் சம்பளம் குடுத்து முடியாது, கோகிலாம்மா" என்றார். அதை அவள் வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருடம் ஆறு வெறும் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. நான்காம் வருடம் கெண்டைக் குஞ்சுகள் தெரிந்தன. ஜெபசீலன் முழங்கால் தண்ணீரில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் முதல் வருடமே கோகிலவாணி ஒன்றைக் கவனித்திருந்தாள். லேப் ஜன்னலோரம் மாட்டியிருந்த மாதிரித் துணிகளில் நாவல்பழ நிறம் அரை ஷேடு இறங்கியிருந்தது. அடுத்த மாதம் ஒரு ஷேடு. சாதாரண வெயிலுக்கு அப்படி இறங்காத சாயம் அது. துணியைத் தட்டினால் மிக மெல்லிய கருந்தூசி விழுந்தது. கோடையில் கரையோரம் காய்ந்து கிடந்த பாய்களின் ஓரம் உதிர்ந்து காற்றில் வந்த தூள். அது தண்ணீரில் செய்கிற வேலையைத் துணியிலும் செய்துகொண்டிருந்தது.

ஜெபசீலன் மாதாமாதம் அதே ஜன்னல் துணியில் ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொல்லியிருந்தார். பாய் உதிர்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். கோகிலவாணி ஜன்னல் துணியை விட்டுவிட்டு, அதே சாயத்தில் டிராயருக்குள் இருட்டில் இருந்த துணியில் வெட்டி அனுப்பினாள். பதினெட்டு மாதம் அப்படி அனுப்பினாள். உண்மை தெரிந்தால் பாய்களை எடுத்துவிடுவார்கள், இன்னொரு தண்டபாணி சாவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் இல்லை. ஆனால் அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பாய் போட்ட நாலாம் வருடக் கடைசியில் ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தபோது தூசி ஒவ்வொரு சந்திலும், ஒவ்வொரு ஓட்டிலும், கிணற்று மேடைகளிலும் படிந்திருந்தது. ஜெபசீலனை அவருடைய நிலையம் திரும்ப அழைத்துக்கொண்டது.

கொடியில் காயப்போட்ட சேலை மூன்று நாளில் வெளுத்தது. கடைப் பலகைகள் வெளுத்தன. பஸ்ஸின் பச்சை வெளுத்தது. கட்சிக்காரர்கள் கொடியேற்றினால் ஒரு வாரத்தில் எல்லாக் கட்சியும் ஒரே கட்சி ஆனது. தாலிக் கயிற்றின் மஞ்சள் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் வெள்ளை நூலோடு விட்டுவிட்டார்கள். உடம்புக்கு அந்தத் தூசி ஒரு கெடுதலும் செய்யவில்லை. சிராய்ப்புக்கூடச் சீழ் வைக்காமல் ஆறியது. செம்மண்ணும் செங்கல்லும் உயிருள்ள பூவும் இலையும் அப்படியேதான் இருந்தன. மனிதர் போட்ட சாயம் மட்டும் நிற்கவில்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சாயமே போடாத வெள்ளைத் துணி நெய்கிற மில்கள் வந்தன, ஊர் அதில் பிழைத்துக்கொண்டது.

போட்டோக்களைத்தான் ஊரால் காப்பாற்ற முடியவில்லை. புரிந்துகொண்டு பெட்டிக்குள் எடுத்து வைப்பதற்குள் பாதி வீடுகளில் முகங்கள் போய்விட்டன. தண்டபாணியின் படம் கூடத்தில் வாசலைப் பார்த்து மாட்டியிருந்தது. ஒரு நாள் மாலை போடப் போனவள், நெற்றியும் ஒரு காதும் மட்டும் இருப்பதைப் பார்த்தாள். எதனால் என்று மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். யாரிடமும் போய் அழ முடியவில்லை.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. தெருவில் எல்லாப் பெண்களும் வெள்ளை கட்டினார்கள், புதுப்பெண்கள்கூட. ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி தாம்பூலத் தட்டை கோகிலவாணியின் கையில் கொடுத்து, "பொண்ணுக்கு நீங்க குடுங்கக்கா" என்றாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கோகிலவாணி கொடுத்தாள். யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிராயரில் இருந்து வெட்டிய துண்டுகளுக்கு அடியில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்கே புரிந்தது.

"இந்த மருந்து எப்படிங்க வேலை செய்யும்?" என்று இப்போது ஜெபசீலனிடம் கேட்டாள்.

"தெளிச்சா ஒவ்வொரு துகளைச் சுத்தியும் கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு தோல் பிடிச்சுக்கிடும். வெயில் படும், எலக்ட்ரான் துள்ளும். ஆனா சாயத்தைத் தொட முடியாது. வாயைக் கட்டிவிட்ட மாதிரிதான். ஆத்துல புதுப் பாய், உதிராத பாய் போடுதோம். ஆறு மறுபடி கெடாது, அந்தப் பயம் வேண்டாம்."

"அப்ப நான் எதுக்குங்க?"

"ஒரு வீதியில நாப்பது நாள் போட்டுப் பாக்கணும். கருவி எங்கிட்ட இருக்கு. ஆனா பேரூராட்சியில என்ன சொல்லுதாங்க தெரியுமா? கருவி அன்னைக்கும் சரின்னுதான் சொல்லுச்சு, கோகிலாக்கா பாத்துச் சொன்னாத்தான் ஊருக்கு முழுக்கத் தெளிக்க விடுவோம்ங்காங்க."

கிணற்று வீதியில் முப்பத்து நான்கு வீடுகள். ஓடு முதல் வாசல்படி வரை தெளித்தார்கள். வீதிக்குக் குறுக்கே கயிறு கட்டி, வெளியூரில் சாயமேற்றிய ஆறு துண்டுகளைத் தொங்கவிட்டார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, நாவல், கறுப்பு. ஒவ்வொன்றிலும் பாதியை வெட்டி கோகிலவாணியின் எவர்சில்வர் டப்பாவில் இருட்டில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பதினொரு மணிக்கு அவள் வந்து கயிற்றுத் துண்டையும் டப்பாத் துண்டையும் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பாள்.

ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. வெயிலில் சிவப்புத் துணி ஆடுவதைப் பார்த்துப் பெரியவர்கள் சும்மா நின்றார்கள். வெளியூர் அதிகம் போகாத ஒரு பள்ளிக்கூடப் பெண், "தொட்டாச் சுடுங்களா?" என்று கேட்டாள். கோகிலவாணி சுடாது என்று சொல்லி, அவளைத் தொட விட்டாள்.

நாலாவது வெள்ளி முடிந்ததும் இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது படித்துறை. கீழே கூழாங்கல் தெரிகிற தண்ணீர். பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜூலை மாசம் இங்கே எப்படி இருக்கும், நெனவு இருக்கா?" என்றார் ஜெபசீலன்.

"செவப்பு இந்தப் பக்கம், பச்சை அந்தப் பக்கமுங்க. பாலத்துக்கு அங்கிட்டுப் போயித்தான் கலக்கும்."

"ராத்திரி நான் அதை நெனச்சுப் பாப்பேன். பாவம்தான். எத்தனை பேர் அதனால செத்தாங்க. ஆனாலும் நெனப்பேன்."

"நானுந்தானுங்க." இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னாள். "சார், உங்களுக்கு மாசாமாசம் அனுப்புன துண்டு, ஜன்னல் துணியில வெட்டுனது இல்லீங்க. டிராயர்ல இருந்ததுங்க. மொத வருசமே எனக்குத் தெரியும்."

அவர் திரும்பவில்லை. "எனக்கும் தெரியும்."

"என்னங்க சொல்றீங்க?"

"அந்தத் துண்டுகள்ல தூசியே இல்ல, கோகிலாம்மா. ஜன்னல்ல ஒரு மாசம் தொங்குன துணி. பாய்த் தூசி இல்லாட்டியும் ரோட்டுப் புழுதியாவது இருக்கணும்லா? மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். புத்தம் புதுசா இருந்துச்சு. மூணாவது மாசமே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏங்க கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க நெசத்தைச் சொல்லிருப்பிய. சொன்னா நான் எழுதணும். எழுதுனா பாயை எடுத்துருவாங்க. கெண்டைக் குஞ்சு வந்திருக்காது." அவர் குரல் இறங்கியது. "ஆத்துக்காகன்னுதான் நெனச்சேன். எம் பேருக்காகவும்தான். உங்க துண்டை வச்சு நான் ஒளிஞ்சுக்கிட்டேன். இந்த மருந்துக்குப் பதினாறு வருசம் ஒழைச்சதுக்கு அதுதான் காரணம்."

"என்ர வீட்டுக்காரர் போட்டோவும் அதுல போச்சுங்க," என்றாள் கோகிலவாணி. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னுடைய இன்னொரு காரணத்தை அவள் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் தனியாகத் தூக்கியதை இன்னொருவரும் தூக்கியிருக்கிறார் என்று தெரிந்தது நெஞ்சுக்கு லேசாக இருந்தது. படியேறும்போது அவர் கை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

நாற்பதாம் நாளுக்கு முந்தின காலை ருக்குமணி வந்தாள். அறுபத்தெட்டு வயது. மூட்டு வலியோடு இரண்டு தெரு நடந்து வந்திருந்தாள். மோர் வாங்கிக் குடித்தாள். மழை, மில், பேரன் என்று ஏதேதோ பேசிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மணி, அந்தத் துணிக எப்பிடி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க, நங்கை. ஒண்ணுகூட எறங்கல."

"நீ எறங்கிருச்சுன்னு எழுதீரு."

கோகிலவாணிக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. "என்னுங்க?"

"உன்ர கையெழுத்து இல்லாட்டி அவங்க தெளிக்க மாட்டாங்க. நீ எறங்கிருச்சுன்னு எழுதுனா அப்பிடியே விட்டுருவாங்க." ருக்குமணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "என்ர வீட்டுக்காரர் போயி ஆறு வருசமாச்சு. எனக்கு யாரும் வெள்ளச் சேல கொண்டாந்து வெக்கல. நாந்தான் மொதல்லயே கட்டியிருந்தேனே. கலியாணத்துக்குப் போறேன், முன்னாடி ஒக்காருறேன். பேத்தி சீருக்கு நாந்தான் ஆரத்தி எடுத்தேன். யாரும் ஒரு வார்த்த சொல்லல. இப்ப எல்லாரும் கலர் கட்டுனா, நான் மட்டும் வெள்ளையில நின்னா..." முடிக்கவில்லை. "என்ர மருமக நல்லவதான். ஆனா அவங்கம்மா இருக்கறாளே, பழைய ஆளு. போன வாரமே கேட்டா, கலர் வந்துட்டா நீங்க எப்பிடிங்கன்னு."

கோகிலவாணியின் மடியில் வெள்ளைச் சேலையை வைத்த கை இதுதான். இப்போது நரம்பு புடைத்து, தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோகிலவாணிக்குக் கோபம் வரவில்லை. வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நங்கை, நான் ஒரு தடவ அப்பிடிப் பொய் சொல்லிட்டனுங்க. இதே காரணத்துக்குத்தான்."

ருக்குமணி நிமிர்ந்தாள். கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் துணி, டிராயர், பதினெட்டு மாதம், தாம்பூலத் தட்டு. "ஊரே வெளுத்துப்போனா என்னைய யாரும் தனியாப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேனுங்க. அதுக்கு உங்க தம்பி மொகத்தையே குடுத்தேன். ஊருல எத்தன வீட்டுல எத்தன மொகம். இன்னொரு தடவ என்னால ஆகாதுங்க."

ருக்குமணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

மறுநாள் பேரூராட்சிக் கட்டடத்தில் கோகிலவாணி ஆறு துண்டுகளையும் கடைசியாக ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நாவலை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே "மாற்றம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில், இருபது வருடத்துக்கு முன்னால் தான் கொடுத்த பதினெட்டு மாதிரிகளும் பொய்யானவை என்று எழுதினாள். ஜெபசீலன் அதைப் படித்துவிட்டுப் பேனாவை வாங்கி, தனக்கும் அது தெரியும் என்று அடியில் எழுதினார். தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் கத்தினார். தன் அப்பா அம்மா இருவர் படமும் போனதென்று இன்னொருவர் அழுதார். கோகிலவாணி எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தெளிப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் இருவரையும் என்ன செய்வது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்தபோது புங்க மரத்தடியில் ருக்குமணி நின்றிருந்தாள்.

"எழுதிட்டயா?"

"எழுதிட்டனுங்க."

ருக்குமணி தலையாட்டினாள். இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ருக்குமணி ரோட்டைப் பார்த்தபடி பேசினாள். "அன்னைக்கு உன்ர பீரோவுல இருந்து சேலையெல்லாம் எடுத்துட்டுப் போனேன். கோயிலுக்குக் குடுத்துட்டேன்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன். குடுக்கல. ஒண்ணு ரொம்பப் புடிச்சுப்போச்சு. நானே மூணு வருசம் கட்டுனேன். நீ வராத விசேசமாப் பாத்துக் கட்டுனேன்."

கோகிலவாணி நின்றுவிட்டாள். "எதுங்க?"

"மாம்பழ மஞ்சள். அரக்கு பார்டர்."

நாலாயிரம் ஷேடு நினைவில் இருந்தவளுக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "உங்களுக்கு நல்லா இருந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் ருக்குமணி. அவள் கண் கலங்கியது. கோகிலவாணிக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து ருக்குமணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கிணற்று வீதி வழியாகத்தான் வீடு. செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் வேனை நிறுத்தி, வீதியின் இரண்டு பக்கமும் கயிறு கட்டிச் சேலைகளை விரித்துப் போட்டிருந்தார். வெயில் அவற்றின் ஊடாக இறங்கி, தரையில் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சுமாகக் கிடந்தது. ஜனங்கள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்றிருந்த ஒருத்தியின் வெள்ளைச் சேலை மேல் ஒரு நீலம் வந்து விழுந்து நகர்ந்தது. விற்பனைக்கு நின்ற பெண் இந்த ஊர்க்காரிதான், இருபது வயது இருக்கும்.

கயிற்றுக்கு ஓரடி தள்ளி ருக்குமணி நின்றாள், கையை நீட்டவில்லை. கோகிலவாணியும் நின்றாள்.

"யாருக்குங்க பாக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

கடையில் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். கோகிலவாணிக்கு, நங்கையின் பேத்திக்கு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பக்கத்தில் இருந்து ருக்குமணியின் குரல் வந்தது.

"எங்க ரெண்டு பேத்துக்குந்தான்."

அந்தப் பெண் நினைவு தெரிந்த நாளிலிருந்து எல்லாரையும் வெள்ளையிலேயே பார்த்து வளர்ந்தவள். அந்தப் பதிலில் அவளுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. "என்ன கலருங்க எடுக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றைத் தாழ்த்திப் பிடித்தாள்.